உப்பளக் கரையில் 35 சதவீதம்

மரக்காணம் உப்பளத்தில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது. கண் கூசும், பாத வெடிப்பில் உப்புநீர் பட்டு எரியும். வாரிய உப்பை வரப்பில் குவித்து, கீற்றுப் போட்டு மூடினால்தான் அன்றைய கூலி. விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கரையில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம் இருக்கிறது. பெரும்பாலும் குத்தகைக்கு விட்ட அரசு நிலம். உப்பு வாருகிறவருக்கு அதில் ஒரு சாண்கூடச் சொந்தமில்லை.

அப்படி ஒரு பெண் சொந்தமாக மாவு மில் வைக்க நினைத்தால், மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் காதில் விழும் பெயர் பி.எம்.இ.ஜி.பி. 2008-ல் வந்த இந்த மத்திய அரசுத் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்கு 35 சதவீத மானியம். நகரத்தில் என்றால் 25. 2022-ல் மாற்றிய விதிப்படி பஞ்சாயத்து ராஜ் அமைப்பின் கீழ் வருவதே கிராமம். மரக்காணமோ பேரூராட்சி. பக்கத்து அனுமந்தையும் கூனிமேடும் ஊராட்சிகள். மில்லை எந்த எல்லைக்குள் வைப்பது என்பதைக் கேட்டுக்கொண்டு மனுப் போடுவது நல்லது.

மில்லுக்கு 4 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவுத் தொழிலுக்குப் படிப்புத் தகுதி கேட்பதில்லை. கையிலிருந்து போடவேண்டியது 5 சதவீதம், அதாவது 20,000 ரூபாய். மீதி 3,80,000 ரூபாயை வங்கி தரும். அரசின் 1,40,000 ரூபாய் மானியம்? அது அந்தப் பெண் கைக்கு வராது. அவர் பெயரில் வங்கியிலேயே வைப்புத்தொகையாக மூன்றாண்டு பூட்டிக் கிடக்கும். அந்தத் தொகைக்கு வங்கி வட்டி தராது. கடனில் அதற்கு ஈடான பகுதிக்கு வட்டி கேட்கவும் செய்யாது. மில் ஒழுங்காக ஓடினால்தான் அது கடனில் கழியும். மானியம் என்றதும் ரொக்கம் என்று நினைத்து வரிசையில் நிற்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். வங்கி மேலாளர் கடன் தர மறுத்தால் மானியமும் இல்லை.

சுய உதவிக் குழுப் பெண்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்காக 2020-ல் வந்த மத்தியத் திட்டத்தில், குழு வழியாக ஆளுக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க முதல் கிடைக்கும். சிறு தொகைதான். ஆனால் தனியாக வங்கிப் படியேறத் தயங்குபவருக்கு இதுவே தோது.

மானியம் போக மிச்சக் கடன் 2,40,000 ரூபாய். வட்டி 11 சதவீதம், ஐந்தாண்டு என்று கணக்குப் போட்டால் மாதம் ஏறத்தாழ 5,200 ரூபாய் கட்டவேண்டும். ஐப்பசி பிறந்தால் உப்பளம் தண்ணீருக்குள் போய்விடும்; 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இந்தக் கரை பட்டது எல்லோருக்கும் தெரியும். மில்லுக்கு அரிசி கொண்டுவருபவர்களும் உப்பளக் கூலிகள்தானே? அவர்களுக்கு வேலையில்லாத அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் சேர்த்துத் தமிழக அரசு 2022 முதல் தருவது 5,000 ரூபாய். மூன்று மாதத்துக்கான அந்தத் தொகை, மில்லின் ஒரு மாதத் தவணைக்கே 200 ரூபாய் குறைகிறது.