கடை பிடிக்கப் போறீங்களா? தெருவைப் பார்க்கும் முன் ஆலையைப் பாருங்க!

கள்ளக்குறிச்சி பக்கம் கடை வாடகைக்குத் தேடுபவர்கள் வழக்கமாகக் கேட்பவை மூன்று. பஸ் ஸ்டாண்டுக்கு எவ்வளவு தூரம், வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு? நான்காவதாக ஒரு கேள்வியும் முக்கியம். நம் கடைக்கு வருபவரின் கைக்குப் பணம் எங்கிருந்து, எந்த மாதத்தில் வருகிறது?

2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. அரசு அலுவலகங்கள் வந்தாலும், இங்கே கடைவீதியின் கலகலப்பில் கரும்புக்குப் பெரிய பங்கு உண்டு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையம் அருகிலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. வெட்டிய கரும்புக்கு 14 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 1966-ம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. அந்தப் பணம் தாமதமானால் துணிக்கடையிலும் நகைக்கடையிலும் வியாபாரம் மந்தமாகும். ஆனால், வாடகை மட்டும் மாதா மாதம் தவறாமல் வந்து நிற்கும்!

அதனால், அரவை நடக்கும் மாதங்களின் விற்பனையை மட்டும் வைத்து வாடகைக்குத் தலையாட்டாதீர்கள். அரவை இல்லாத மாதங்களிலும் கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, 15,000 ரூபாய் வாடகையை ஆண்டுக்கு 5 சதவிகிதம் உயர்த்துவதாக ஒப்புக்கொண்டால், ஐந்தாவது ஆண்டில் அது 18,200 ரூபாயைத் தாண்டிவிடும்.

ஷூ ஆலை வரப்போகுது... வாடகை?

உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் தோல் அல்லாத காலணி ஆலை அமைக்க, தைவானின் பவுசென் நிறுவனத்துடன் 2023 ஏப்ரலில் தமிழக அரசு ஒப்பந்தம் போட்டது. முதலீடு 2,302 கோடி ரூபாய், 20,000 பேருக்கு வேலை என்றார்கள். இதில் கவனிக்க வேண்டியது, இவை 12 ஆண்டுகளில் படிப்படியாக நடக்கும் என்பதைத்தான். 'கம்பெனி வந்தா இடம் கிடைக்காது' என்று சொல்லி, நாளை வரப்போகும் கூட்டத்துக்கான வாடகையை இன்றே கேட்டால் அவசரப்படாதீர்கள். முதல் ஆண்டுகளில் குறைந்த வாடகை, ஆள் நடமாட்டம் கூடிய பிறகு உயர்வு என்று பேசிப் பாருங்கள்.

வாய்ப்பேச்சு போதாது

வாடகைதாரர் - உரிமையாளர் உரிமைகள், பொறுப்புகள் குறித்த 2017-ம் ஆண்டு தமிழ்நாடு சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. கடைகளுக்கும் இது பொருந்தும். கையெழுத்துப் போடும் முன் இவற்றைப் பாருங்கள்:

* ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்ய வேண்டும்.
* ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. எனவே, கூடுதல் தொகை எழுதியிருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சட்டம் பேச முடியாது.
* வாடகைக்கு ரசீது கேட்பது உங்கள் உரிமை.
* தகராறு வந்தால்கூட, உரிமையாளர் கரன்ட்டையோ தண்ணீரையோ துண்டிக்கக் கூடாது.
* மின் இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருக்கிறதா, இடையில் காலி செய்ய எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும், நீங்கள் போட்ட ரேக்கும் கண்ணாடியும் யாருக்கு... எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மலை ஏறினால் முதல் கேள்வியே வேறு

கல்வராயன் மலையில் வெள்ளிமலை போன்ற ஊர்களில் கடை போடுபவர்கள், வாடகையைப் பேசும் முன் நிலத்தின் ஆவணத்தைக் கேட்க வேண்டும். ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த இந்த மலை, 1976-ல்தான் அரசின் வசம் வந்தது. பட்டா யார் பெயரில், அரசு ஒப்படைத்த நிலமா, வனத்துறை எல்லையா என்பதை தாலுகா அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். வாடகைக்கு விடுபவருக்கே உரிமை இல்லாத இடத்தில் எவ்வளவு பக்காவாக ஒப்பந்தம் எழுதினாலும், உங்கள் முதலீட்டுக்குப் பாதுகாப்பு இல்லை.

நல்ல இடம் கைநழுவிவிடுமோ என்ற பதற்றம் எல்லோருக்கும் வரும். ஒரு வாரம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, ஆவணங்களைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்!