பிடுங்கிச் செருகினால் வருகிறது, ஆன் செய்தால் வருவதில்லை

கணினியை ஆன் செய்கிறார்கள். எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க் திரையில் இல்லை. கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினால் வந்துவிடுகிறது. பல வீடுகளிலும் போட்டோ ஸ்டூடியோக்களிலும் இது தினசரி வேலையாகவே ஆகிவிட்டது. செருகியதும் வருகிறதென்றால் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு, கணினி கண் விழிக்கும் அந்தச் சில விநாடிகளில் நடக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’. 2012இல் விண்டோஸ் 8உடன் வந்த வசதி இது. ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை. இயங்குதளத்தின் உள்நிலையையும் டிரைவர்களையும் ஒரு கோப்பில் எழுதிவைத்து, காலையில் அதையே எடுத்து விரித்துக்கொள்கிறது. அந்த அவசரத்தில் சில டிஸ்க்குகள் விடுபட்டுப் போகின்றன. ‘ரீஸ்டார்ட்’ இந்தக் குறுக்குவழியில் போகாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே ரீஸ்டார்ட்டில் டிஸ்க் வந்து, ஆன் செய்கையில் மட்டும் வராவிட்டால், கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’புக்கான டிக்கை எடுத்துவிடலாம். கணினி எழுந்திருக்கச் சில விநாடிகள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அடுத்தது மின்சாரம். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர் தரும், 3.0 போர்ட் 900. தனி அடாப்டர் இல்லாத 2.5 அங்குல டிஸ்க், தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில்தான் மிக அதிகமாக இழுக்கும். ராஸ்பெரி பை 4 என்ற சிறிய கணினியில் நான்கு யுஎஸ்பி போர்ட்டுகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான், இரண்டு டிஸ்க்குகள் ஒன்றாகச் சுழல முயன்றால் தடுமாறும். டெஸ்க்டாப்பில் பின்பக்க போர்ட்டுக்கு மாற்றுவதும், குட்டையான வேறு கேபிளைப் போட்டுப் பார்ப்பதும் செலவில்லாத சோதனைகள். தேவைப்பட்டால் தனி அடாப்டருள்ள ஹப் வாங்கலாம்.

சில கணினிகளில் கதை தலைகீழ். டிஸ்க் செருகியிருந்தால் தயாரிப்பாளரின் லோகோவிலேயே நின்றுவிடும். பயோஸின் பூட் வரிசையில் யுஎஸ்பி முதலில் இருந்தால், இயங்குதளத்தை அந்த டிஸ்க்கில் தேடிக்கொண்டிருக்கும். உள் டிஸ்க்கை முதலில் வைத்தால் போதும். லினக்ஸில், தொடங்கும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதிய டிஸ்க்குக்கு ‘நோஃபெயில்’ சேர்க்காவிட்டால், அது இல்லாத நாளில் கணினி வழக்கமாக 90 விநாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.

டிஸ்க் வந்தும், டிரைவ் எழுத்துச் சிக்கலால் கண்ணில் படாமலிருப்பதும் உண்டு. 2019 மே மாத விண்டோஸ் 10 அப்டேட்டை, யுஎஸ்பி டிஸ்க்கோ எஸ்டி கார்டோ செருகியிருந்த கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் தடுத்தே வைத்தது. அப்டேட்டின்போது டிரைவ் எழுத்துகள் இடம் மாறிவிடக்கூடும் என்பதுதான் காரணம். எழுத்து இல்லாத டிஸ்க் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டில் தெரியும், வலது கிளிக் செய்து புது எழுத்து கொடுத்தால் ஃபைல் எக்ஸ்புளோரரில் வந்துவிடும்.

அங்கேதான் கை நிதானிக்க வேண்டிய இடமும் இருக்கிறது. ‘இனிஷியலைஸ்’ என்றோ ‘ஃபார்மேட்’ என்றோ ஒரு பெட்டி எழுந்து கேட்கும். குழந்தையின் முதல் படங்கள் அதில் இருந்தால் ‘கேன்சல்’தான் பதில். இனிஷியலைஸ் செய்தால் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற பட்டியலே புதிதாக எழுதப்பட்டுவிடும். பிறகு மீட்பது கடினம். டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் இந்தச் சோதனைகள் எதுவும் வேண்டாம். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காமல், கேபிளைக் கழற்றி டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டுபோக வேண்டும்.