ஹொக்வார்ட்ஸைத் தேடி ஒரு பயணம்

ஹரி பொட்டர் திரைப்படங்களைப் பார்த்த மாணவியர் பலருக்கும் எழும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த ஹொக்வார்ட்ஸ் பாடசாலை உண்மையில் எங்கே இருக்கிறது?"

ஜே. கே. ரௌலிங் எழுதிய ஏழு நாவல்கள் 2001ஆம் ஆண்டு முதல் 2011ஆம் ஆண்டு வரை எட்டுத் திரைப்படங்களாக வெளிவந்தன. அவற்றில் நாம் காணும் அந்த மாயப் பாடசாலை எந்த ஓர் ஊரிலும் முழுமையாக இல்லை. அதன் படிக்கட்டு ஓர் ஊரிலும் தாழ்வாரம் வேறோர் ஊரிலும் வகுப்பறை மற்றுமோர் ஊரிலும் இருக்கின்றன. பல வீட்டுத் துணிகளை ஒன்றாக இணைத்துத் தைத்த சட்டையைப் போன்றது அது. தையல் வெளியே தெரியாதபடி தைத்தவர்கள் படப்பிடிப்புக் குழுவினர்.

இன்று உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் இந்த இடங்களைப் பார்ப்பதற்கென்றே பிரித்தானியாவுக்குச் செல்கின்றனர். நாமும் பிரித்தானிய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அந்த இடங்களை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்.

புறப்படும் இடம்

கதையில் மாணவர்கள் புகையிரதம் ஏறுவது லண்டனின் கிங்ஸ் குறொஸ் நிலையத்தில். ஒன்பதாம் பத்தாம் மேடைகளுக்கு இடையிலுள்ள சுவருக்குள் புகுந்தால் ஒன்பதே முக்கால் மேடை வரும். ஆனால் உண்மையான நிலையத்தில் ஒன்பதாம் பத்தாம் மேடைகள் வேறொரு பக்கக் கட்டடத்தில் இருக்கின்றன. கதையில் வருவது போன்ற தூண் சுவர் அங்கே இல்லை. எனவே நான்காம் ஐந்தாம் மேடைகளின் பகுதியில்தான் காட்சி படமாக்கப்பட்டது. இன்று நிலைய மண்டபத்தின் ஒரு சுவரில் பாதி உள்ளே புதைந்தது போல ஒரு தள்ளுவண்டியைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்தபடி படம் எடுப்பதற்கு நீண்ட வரிசை நிற்கும்.

இந்த முதல் இடமே நமக்கு ஒன்றைச் சொல்லித் தருகிறது. திரையில் காண்பது வேறு, நிலத்தில் இருப்பது வேறு. நிலத்தில் இருப்பதற்குத் தனிக் கதை உண்டு.

நூலகம் சொல்லும் கதை

அடுத்து ஒக்ஸ்போர்ட் நகரம். முதலாம் ஆண்டு மாணவர்களை ஆசிரியை வரவேற்கும் அகன்ற கற்படிக்கட்டு இங்குள்ள கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் இருக்கிறது. அதன் மேலே உள்ள உணவு மண்டபத்தைப் பார்த்ததும் பலர், "இதுதான் ஹொக்வார்ட்ஸின் பெருமண்டபம்" என்று வியப்பார்கள். உண்மையில் இந்த மண்டபத்தை மாதிரியாகக் கொண்டு, லண்டனுக்கு வடக்கேயுள்ள லீவ்ஸ்டன் படப்பிடிப்பு நிலையத்தில் பெருமண்டபத்தைத் தனியாகக் கட்டினார்கள். ஒரு காலத்தில் விமானத் தொழிற்சாலையாக இருந்த இடம் அது. 2012இல் இருந்து பொதுமக்களும் அங்கு சென்று பார்க்கலாம்.

ஹெர்மயனி புத்தகங்களுக்குள் மூழ்கியிருக்கும் நூலகமோ நிஜமானது. அது பொட்லியன் நூலகத்தின் ஹம்ஃப்ரி கோமகன் பகுதி. 15ஆம் நூற்றாண்டில் திறக்கப்பட்டது. இந்த நூலகத்திலிருந்து எவருக்கும் நூல் இரவலாகக் கொடுப்பதில்லை. 1645இல் முதலாம் சார்ள்ஸ் மன்னரே ஒரு நூலைக் கேட்டபோதும் விதி விதிதான் என்று மறுத்துவிட்டார்கள்.

மாணவியராகிய நாம் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். திரைப்படத்தில் இந்த நூலகத்தை மிகுதியாகப் பயன்படுத்துபவள் ஒரு பெண். வகுப்பிலேயே கெட்டிக்காரியும் அவள்தான். ஆனால் உண்மையான ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1920ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் பல ஆண்டுகள் பெண்கள் அங்கே விரிவுரைகளைக் கேட்டார்கள், பரீட்சை எழுதினார்கள், சித்தியும் அடைந்தார்கள். பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. படம் பார்க்கும்போது ஹெர்மயனி அங்கே உட்கார்ந்து வாசிப்பது நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. அந்த நூலகத்தின் ஐந்து நூற்றாண்டு வரலாற்றில் அது மிக அண்மைக் காலத்து விடயம்.

ஒரு ஜன்னலும் ஒரு நிழற்படமும்

ஒக்ஸ்போர்ட்டுக்குத் தென்மேற்கே லேகொக் என்ற சிற்றூர் இருக்கிறது. இங்குள்ள பழைய கன்னியர் மடத்தின் கல் அறைகள் ஹொக்வார்ட்ஸின் வகுப்பறைகளாயின. 13ஆம் நூற்றாண்டில் இந்த மடத்தை நிறுவியவர் ஏலா என்ற சீமாட்டி. பின்னர் அவரே இதன் தலைவியாகவும் இருந்தார்.

பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு இது ஒரு குடும்பத்தின் இல்லமாக மாறியது. அந்தக் குடும்பத்தில் வந்த வில்லியம் ஹென்றி ஃபொக்ஸ் டல்பொட், 1835இல் இவ்வீட்டு ஜன்னல் ஒன்றைச் சிறிய மரக் கமெராவினால் படம் பிடித்தார். இன்று எஞ்சியுள்ள நிழற்பட நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுவே. ஒரு நெகட்டிவில் இருந்து பல பிரதிகள் எடுக்கலாம் என்ற வழி நிழற்படக் கலையையும் பின்னர் திரைப்படக் கலையையும் வளர்த்தது. அந்த வழி பிறந்த வீட்டுக்கே படப்பிடிப்புக் கமெராக்கள் போய்ச் சேர்ந்தன. பார்க்க வருவோரில் எத்தனை பேர் அந்த ஜன்னலைத் தேடிப் பார்ப்பார்கள்?

தாழ்வாரங்களும் கோட்டையும்

மாணவர்கள் ஓடித் திரியும் தாழ்வாரங்கள் குளொஸ்டர் பேராலயத்துக்குரியவை. விரித்த விசிறி போன்ற அவற்றின் கற்கூரை 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. படப்பிடிப்பின்போது அறிவிப்புப் பலகை, மின் ஆளி முதலிய புதுக்காலப் பொருட்களை மறைக்க வேண்டியிருந்தது. மாயாஜாலக் கதையை ஓர் ஆலயத்தில் படமாக்கலாமா என்று அவ்வூரில் சிலர் எதிர்ப்பும் தெரிவித்தார்கள். பிள்ளைகள் பார்க்கும் கதைகளைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவது எங்கும் உள்ளதுதான்.

வடக்கே டர்ஹம் நகரில் இருப்பது 1093இல் கட்டத் தொடங்கிய பேராலயம். அதன் பனி படர்ந்த முற்றத்தில்தான் ஹரி தன் ஆந்தையைப் பறக்க விடுகிறான். இன்னும் வடக்கே அல்னிக் கோட்டை. துடைப்பத்தில் பறக்கக் கற்கும் காட்சி அங்குள்ள புல்வெளியில் எடுக்கப்பட்டது. இன்றும் அங்கு செல்லும் பிள்ளைகளுக்குத் துடைப்பப் பயிற்சி நடக்கிறது. யாரும் பறந்ததில்லை, சிரித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

பாலத்தின் கீழே

ஸ்கொட்லாந்தின் மலைகளுக்கு நடுவே கிளென்ஃபினன் பாலம் வளைந்து செல்கிறது. மாணவர்களின் புகையிரதம் இதன் மீதுதான் ஓடுகிறது. 1897க்கும் 1901க்கும் இடையில் கட்டப்பட்ட இப்பாலத்துக்கு 21 வளைவுகள் உண்டு. உயரம் ஏறக்குறைய 30 மீற்றர். இரும்புக் கம்பி வைக்காமல் வெறும் கொங்கிரீட்டினால் கட்டியும் இன்றுவரை புகையிரதங்களைத் தாங்குகிறது.

ஆனால் பாலத்தின் கீழே இருப்பது சின்னஞ்சிறு கிராமம். கோடை காலத்தில் நீராவிப் புகையிரதம் வரும் நேரத்துக்கு வாகனங்கள் வந்து குவிகின்றன. நல்ல படம் எடுக்கும் ஆசையில் சிலர் தண்டவாளத்திலேயே ஏறிவிடுகின்றனர். இது உயிராபத்து என்று பொலிஸார் பலமுறை எச்சரித்துவிட்டார்கள்.

கடற்கரையில் ஒரு கல்லறை

நமது கடைசி இடம் வேல்ஸிலுள்ள ஃப்ரெஷ்வோட்டர் வெஸ்ட் கடற்கரை. டொபி என்ற சிறிய பணியாள் ஹரியைக் காப்பாற்றிவிட்டு உயிர்விடுவது இங்கேதான். கதையில் டொபிக்கு அடிமைத்தளையிலிருந்து விடுதலை தந்தது ஒரு காலுறை. ஆகவே ரசிகர்கள் இந்த மணற்குன்றில் அவனுக்கொரு கல்லறை எழுப்பி, காலுறைகளையும் வர்ணம் தீட்டிய கற்களையும் வைத்துச் செல்லத் தொடங்கினார்கள்.

அன்பினால் செய்த காரியம்தான். ஆனால் காற்று வீசும் அந்தக் கடற்கரையில் காலுறையும் வர்ணச் சிதறலும் போய்ச் சேரும் இடம் கடல். அக்கடற்கரையைப் பராமரிக்கும் தேசிய அறக்கட்டளை பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. 2022இல் தன் முடிவை அறிவித்தது. நினைவிடம் இப்போதைக்கு இருக்கட்டும், படம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், எந்தப் பொருளையும் விட்டுச் செல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது.

ஒருபோதும் வாழ்ந்திராத ஒருவனுக்காக மனிதர்கள் கண்ணீர் சிந்துவது கதையின் வலிமை. அந்தக் கண்ணீரினால் உயிருள்ள கடலுக்குத் தீங்கு நேரக் கூடாது.

பயணம் முடியும்போது

இந்த இடங்களுக்கு நாம் என்றாவது போகக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். போனால், சுவரில் புதைந்த தள்ளுவண்டியோடு ஒரு படம் எடுப்பதில் தவறேதும் இல்லை. அதன் பிறகு சற்று நின்று, "இந்தக் கட்டடத்தை யார் கட்டினார்கள்? இங்கே யார் வாழ்ந்தார்கள்? யாருக்கு இதன் கதவு மூடியிருந்தது?" என்றும் கேட்போம்.

போக முடியாதவர்களும் அதே கேள்விகளை நூலகத்திலிருந்து கேட்கலாம். கல்லூரி நூலகத்தின் கதவு நமக்குத் திறந்தே இருக்கிறது. அந்தக் கதவு எல்லாக் காலத்திலும் எல்லாப் பெண்களுக்கும் திறந்திருக்கவில்லை என்பதை அறிந்து உள்ளே நுழைவோம்.