3 ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிய எண்!

147573952589676412927

இந்த எண்ணைப் பாருங்கள். மொத்தம் 21 இலக்கங்கள்! கணித மேதைகளை 250 ஆண்டுகளுக்கு மேல் திண்டாட வைத்த எண் இது.

எப்படி வந்தது?

ஒரு நெல்மணியை வையுங்கள். அதை இரட்டித்தால் 2. மறுபடியும் இரட்டித்தால் 4. பிறகு 8. இப்படி 67 தடவை இரட்டித்து, கடைசியில் 1–ஐக் கழித்து விடுங்கள். மிஞ்சுவது இந்த எண்தான்.

3 தடவை மட்டும் இரட்டித்து 1–ஐக் கழித்தால் 7 வரும். 7–ஐச் சிறிய எண்களின் பெருக்கலாகப் பிரிக்க முடியாது. அது "பகா எண்". 4 தடவை இரட்டித்து 1–ஐக் கழித்தால் 15. இதை 3 x 5 என்று பிரிக்கலாம். ஆகவே 15 பகா எண் அல்ல.

அப்படியானால் 67 தடவை இரட்டித்து வந்த எண்?

துறவி சொன்னது

"அது பகா எண்தான்" என்று 1644–ல் பிரான்சு நாட்டுத் துறவி மெர்சென் எழுதினார். ஆதாரம் எதுவும் காட்டவில்லை.

1876–ல் லூக்காஸ் என்ற பிரெஞ்சு கணித மேதை, வகுத்துப் பார்க்காமலே சோதிக்கும் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். "இது பகா எண் அல்ல" என்று சொன்னார். ஆனால், எந்த எண்களைப் பெருக்கினால் இது வரும்? அது அவருக்கும் தெரியவில்லை!

பேசாத பேச்சு

1903 அக்டோபர் 31–ந் தேதி நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டம் நடந்தது. பேராசிரியர் கோல் எழுந்தார். கரும்பலகையில் 67 தடவை இரட்டித்த தொகையை எழுதி, 1–ஐக் கழித்தார்.

பிறகு பக்கத்தில் இரண்டு எண்களை எழுதிப் பெருக்கினார்:

193707721 x 761838257287

இரண்டு விடையும் ஒன்றே! ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அவர் போய் உட்கார்ந்தார் என்றும், கூட்டத்தினர் கை தட்டினார்கள் என்றும் சொல்வார்கள்.

"இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆயிற்று?" என்று பின்னர் கேட்டபோது, "3 ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள்" என்று கோல் சொன்னாராம்.

இரண்டில் சிறிய எண்ணே 19 கோடிக்கு மேல். ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்த்தால் ஆயுள் போதாது. ஒத்து வராத எண்களைக் கணக்குப் போட்டு ஒதுக்கி ஒதுக்கித்தான் அவர் தேடினார். அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. இன்றைய கம்ப்யூட்டர் இதை ஒரு நொடிக்குள் முடித்து விடும்.

இரகசியப் பூட்டு

பெருக்குவது எளிது. பெருக்கி வந்ததைப் பிரிப்பது கடினம்! இதை வைத்து 1977–ல் ரிவெஸ்ட், ஷமிர், ஆடில்மேன் என்ற மூவர் அமெரிக்காவில் ஓர் இரகசியப் பூட்டை உருவாக்கினார்கள். இணையத்தில் செய்திகளைக் காக்க அது பயன்பட்டு வருகிறது. அதில் வரும் எண்களுக்கு 600 இலக்கங்களுக்கு மேல் உண்டு. அவற்றைப் பிரிக்கக் கம்ப்யூட்டராலும் முடியவில்லை.

கோல் சொன்ன விடை சரிதானா? யாரையும் கேட்க வேண்டாம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்து, அந்த இரண்டு எண்களையும் பெருக்கிப் பாருங்கள். அவருக்கு 3 ஆண்டுகள் பிடித்தது. உங்களுக்கு அரை மணி நேரம் போதும்!