பத்தாம் வகுப்புக்குப் பிறகு: முடிவெடுப்பது யார்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் எல்லா வீட்டிலும் எழும் கேள்வி, "அடுத்து என்ன?" மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் கேள்விக்குப் பலர் பதில் சொல்லிவிடுகிறார்கள். பார்வையில்லாத பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்கிறது பள்ளி. காது கேளாத பையனைத் தையல் பயிற்சியில் சேர்த்துவிடலாம் என்கிறார் மாமா. சக்கர நாற்காலியில் வரும் மாணவனுக்கு மாடியில் இருக்கும் அறிவியல் பிரிவு சரிப்படாது என்று சேர்க்கைப் படிவமே நிராகரிக்கப்படுகிறது. யாருடைய வாழ்க்கையோ, அந்தப் பிள்ளையிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை.

மேல்படிப்பா, தொழிற்கல்வியா என்பதை அந்த மாணவரின் விருப்பமும் திறமையும் தீர்மானிக்க வேண்டும். பள்ளியின் வசதிக் குறைவோ பெரியவர்களின் பயமோ தீர்மானிக்கக் கூடாது. இதற்குச் சட்டமே துணை நிற்கிறது. ஆனால் பல உரிமைகளைக் கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது. அதுவும் ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்கத் தொடங்க வேண்டும்.

சட்டம் தரும் உரிமைகள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அடுத்த ஆண்டு ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய 1995 சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. புதிய சட்டத்தில் 21 வகைகள் உள்ளன. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், தசைச்சிதைவு, தலசீமியா, ஹீமோபிலியா போன்றவையும் இதில் அடங்கும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் இலவசக் கட்டாயக் கல்வி 14 வயதோடு முடிகிறது. அதனால் எட்டாம் வகுப்போடு உரிமை தீர்ந்துவிட்டது என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 2016 சட்டத்தின் 31-ஆவது பிரிவு 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் அதில் உண்டு. இவர்களுக்குப் பாடப் புத்தகங்களும் கற்றல் கருவிகளும் 18 வயது வரை இலவசமாகத் தரப்பட வேண்டும் என்கிறது 17-ஆவது பிரிவு.

16-ஆவது பிரிவு பள்ளிகளின் கடமைகளைச் சொல்கிறது. பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும். கட்டடத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைக்க வேண்டும். ஒவ்வொரு மாணவரின் தேவைக்கும் ஏற்ற ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். அரசுப் பள்ளிகளோடு, அரசின் அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். "எங்களிடம் வசதி இல்லை" என்ற பதிலோடு ஒரு பள்ளி கையைக் கழுவிவிட முடியாது. மேல்மாடி வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

மூன்று ஆபத்துகள்

முதல் ஆபத்து, திறமை இருந்தும் பிள்ளையைச் சுலபமான பாடத்துக்குத் தள்ளிவிடுவது. பார்வையற்ற மாணவர்கள் என்றால் கலைப்பிரிவு என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. பிரெய்ல் நூல்கள், தொட்டு உணரும் வரைபடங்கள், திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் எல்லாம் இருக்கும் காலத்தில் அந்த விதிக்கு நியாயம் இல்லை. குறைபாட்டின் சதவீதத்தை மட்டும் பார்த்து மருத்துவப் படிப்பை மறுக்கக் கூடாது, அந்த மாணவரால் படிப்பைத் தொடர முடியுமா என்பதை மதிப்பிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் தெளிவுபடுத்தியது. மருத்துவப் படிப்புக்கே அப்படியென்றால், பிளஸ் ஒன் அறிவியல் பிரிவை மறுக்க ஒரு பள்ளிக்கு என்ன காரணம் இருக்க முடியும்?

இரண்டாவது ஆபத்து, தொழிற்கல்வி என்ற பெயரில் பொழுதைப் போக்க வைப்பது. மெழுகுவத்தி, ஊதுவத்தி, காகிதப் பை என்று எல்லோருக்கும் ஒரே பயிற்சி. முடித்தவருக்குச் சந்தையும் இல்லை, சம்பளமும் இல்லை. இந்தத் தொழில்களில் எந்தக் குறையும் இல்லை. பிள்ளையின் ஆர்வத்தைக் கேட்காமல் திணிப்பதுதான் தவறு. பொதுவான தொழிற்பயிற்சிகள் அனைத்திலும் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 19-ஆவது பிரிவு. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சந்தையோடு தொடர்புள்ள தனிப் பயிற்சிகள் வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

மூன்றாவது, சலுகையைப் பின்விளைவு பாராமல் வாங்குவது. பொதுத் தேர்வில் கிடைக்கும் மொழிப்பாட விலக்கு பலருக்கு உண்மையான உதவி. ஆனால் ஆங்கிலத்தை முழுவதும் விட்டுவிட்ட பிள்ளை, பிறகு கணினிப் படிப்பில் சேரும்போது தடுமாறலாம். விலக்கு கேட்கும் முன், பிள்ளை அடுத்து என்ன படிக்க விரும்புகிறது, அதற்கு அந்த மொழி தேவையா என்று ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுங்கள். தேர்வில் விலக்கு பெற்றாலும், வகுப்பில் அந்த மொழியைக் கற்பதை நிறுத்த வேண்டியதில்லை.

தேர்வு அறையில்

பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் எழுத்தர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்துப் பெறலாம். மருத்துவச் சான்று கட்டாயம். தேர்வு நெருங்கிய பிறகு சான்றுக்கு அலைந்தால் காரியம் கெட்டுவிடும். ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கற்றல் குறைபாட்டுச் சான்றை 14 வயதிலும் 18 வயதிலும் புதுப்பிக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

மத்திய அரசின் வழிகாட்டுதல்களின்படி, ஈடுசெய்யும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடங்களுக்குக் குறையக் கூடாது. மூன்று மணி நேரத் தேர்வென்றால் குறைந்தது ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் எழுத்தர் கிடையாது என்ற வாதமும் இப்போது செல்லாது. எழுதுவதில் உண்மையான சிரமம் உள்ளவருக்கு அந்த வரம்பைக் காட்டி உதவியை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு நவம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். நீட் எழுதிய ஒரு மாணவிக்கு எழுத்துக் குறைபாடு இருந்தது. உரிய கூடுதல் நேரம் தராமல் தேர்வு மையத்தில் அவருடைய விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். நீதிமன்றம் அவர் பக்க நியாயத்தை ஏற்று, இழப்பைச் சரிசெய்யத் தேர்வு முகமைக்கு அறிவுறுத்தியது. ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. போன நேரம் முழுதாகத் திரும்பாது. அதனால் சலுகை ஆணையின் நகலைப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புங்கள். முந்தைய நாளே மையத்துக்குப் போய் அறை, மேசை, கழிப்பறை, சாய்தளம் எல்லாவற்றையும் பாருங்கள். எழுத்தர் துணையோடு எழுதுவதற்கும் பழக்கம் வேண்டும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலேயே அதைத் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள்.

தொழிற்கல்விக்கு உள்ள வழிகள்

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பாடப்பிரிவு 1978 முதல் இருக்கிறது. அதைப் படித்தவர்கள் பொறியியல் சேர்க்கைக்குப் போகவும் தனி ஒதுக்கீடு உண்டு. ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர், ஒயர்மேன் போன்ற பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடும், எலெக்ட்ரீசியன், ஃபிட்டர் போன்றவற்றில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடும் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ முடித்து, தமிழ், ஆங்கிலத் தாள்களையும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்று பெறலாம். தொழில் கற்றால் பட்டப்படிப்பின் கதவு அடைபட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. இடையில் படிப்பை விட்டவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது; அங்கே இந்தியச் சைகை மொழியையே ஒரு பாடமாக எடுக்கலாம்.

பிள்ளைக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்று தெரியாவிட்டால், சென்னை கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் திறனை மதிப்பிட்டு வழிகாட்டுகிறது. பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கென முட்டுக்காட்டில் தேசிய நிறுவனம் இயங்குகிறது.

எந்தப் பயிற்சியில் சேர்க்கும் முன்பும் கேட்க வேண்டியவை: அரசு ஏற்கும் சான்றிதழ் கிடைக்குமா? சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? தொழில் பழகுநர் பயிற்சிக்கு ஏற்பாடு உண்டா? இயந்திரங்கள் இந்தப் பிள்ளைக்கு ஏற்ப மாற்றப்படுமா? சைகை மொழி தெரிந்தவர் இருக்கிறாரா? நேரான பதில் கிடைக்காத இடத்தில் பணத்தைக் கட்டாதீர்கள்.

அட்டையும் உதவித்தொகையும்

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இணையத்தில் பதிந்து, அரசு மருத்துவமனையின் மதிப்பீட்டுக்குப் பின் இதைப் பெறலாம். 9, 10-ஆம் வகுப்புகளிலும் அதற்கு மேலும் படிப்போருக்கு மத்திய அரசின் உதவித்தொகை தேசிய உதவித்தொகை இணையதளம் வழியாகக் கிடைக்கிறது. மாநில அரசின் கல்வி உதவித்தொகை பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத ஒதுக்கீடும், 5 ஆண்டு வயது வரம்புத் தளர்வும் உண்டு.

மறுக்கப்பட்டால் என்ன செய்வது?

எதையும் எழுத்தில் கேளுங்கள். மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். முதல் மனு தலைமையாசிரியருக்கு, அடுத்தது முதன்மைக் கல்வி அலுவலருக்கு. பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையோ, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரையோ அணுகலாம். ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டைப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள்.

அதற்கும் பலன் இல்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவருடைய பரிந்துரை மீது சம்பந்தப்பட்ட அமைப்பு மூன்று மாதங்களுக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் உண்டு. பலர் முன்னிலையில் வேண்டுமென்றே ஒருவரின் குறைபாட்டைச் சொல்லி அவமதிப்பது 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. கல்வி சார்ந்த ஆலோசனைக்கு 14417, குழந்தை துன்புறுத்தப்பட்டால் 1098.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்களின் பட்டியலை இந்த ஆண்டே எடுங்கள். யாரிடம் சான்று இல்லை, யாருக்கு எழுத்தர் வேண்டும், யாருக்குக் கருவி வேண்டும் என்று பாருங்கள். சிறப்பாசிரியரையும் பெற்றோரையும் ஒன்றாக உட்கார வையுங்கள். அந்தக் கூட்டத்தில் மாணவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். என்ன படிக்க ஆசை என்ற கேள்வியை முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலுக்கு வழி தேடுவதே பெரியவர்களின் வேலை.