திரையில் தமிழ் எங்கிருந்து வருகிறது?

 

நம்ம வாலாஜாபேட்டை பக்கத்தில் நிறைய பேர் வீட்டில் அம்மா ஷூ கம்பெனிக்குத்தான் போகிறார்கள். எங்க அம்மாவும் அப்படித்தான். அப்பர் தைக்கிற வேலை. போன மாதம் சீட்டுப் பணம் 1,500 ரூபாயைப் போனில் அனுப்பினார்கள். அந்தச் செயலியில் எல்லாமே தமிழில்தான் வரும். அன்றைக்கு மட்டும் நடுவில் ஒரு வரி இங்கிலீஷில் வந்தது: "டிரான்சாக்‌ஷன் பெண்டிங்." நான் டியூஷன் போயிருந்தேன். கேட்க ஆள் இல்லை. பணம் போகலை போல என்று நினைத்து அம்மா மறுபடியும் அனுப்பிவிட்டார்கள். கடைசியில் இரண்டு தடவையும் போய்விட்டது! சீட்டுக்கார அக்கா அடுத்த மாதத்துக்கு வரவு வைத்துக்கொண்டார். ஆனால் நாங்கள் கரண்ட் பில்லுக்குக் கைமாத்து வாங்கினோம்.

மற்றதெல்லாம் தமிழில் இருக்கும்போது அந்த ஒரு வரி மட்டும் ஏன் இங்கிலீஷ்? என் பெரியம்மா பெண்ணைக் கேட்டேன். அக்காவிடம் +2 படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினி இருக்கிறது (இந்தத் திட்டம் 2011-ல் தொடங்கியது). அதில் உள்ள லினக்ஸில் காட்டி விளக்கினார்.

கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷும் தெரியாது. நிரல் எழுதுகிறவர் திரையில் வரவேண்டிய வரிகளை இங்கிலீஷில் எழுதிவிடுவார். அப்புறம் அந்த வரிகளை மட்டும் தனியாக ஒரு கோப்பில் எடுப்பார்கள். அதற்குப் பிஓ கோப்பு என்று பெயர். மேலே இங்கிலீஷ் வரி, கீழே காலி இடம். மொழிபெயர்ப்பவர் அந்தக் காலி இடத்தில் தமிழை எழுதுவார். நம்ம பாடப்புத்தகத்தில் அருஞ்சொற்பொருள் இருக்குமே, அது மாதிரிதான். பிறகு அதையே சீக்கிரம் தேடுவதற்கு வசதியாக எம்ஓ கோப்பாக மாற்றிவிடுவார்கள்.

நிரல் ஓடும்போது "இந்த வரிக்குத் தமிழ் என்ன?" என்று அந்தக் கோப்பில் தேடும். இருந்தால் தமிழ் வரும். இல்லை என்றால்? நிரல் நிற்காது. தேடிய இங்கிலீஷ் வரியையே அப்படியே திருப்பிக் காட்டிவிடும். இந்த வேலைக்காக 1995-ல் குனு திட்டம் வெளியிட்ட கருவிதான் கெட்டெக்ஸ்ட். லினக்ஸில் ஓடும் பல நிரல்கள் இதைப் பயன்படுத்துகின்றன.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. இங்கிலீஷ் வரி எழுத்துக்கு எழுத்து அப்படியே பொருந்த வேண்டும். புதிய பதிப்பில் ஒரு புள்ளி மாறினாலும் பழைய தமிழ் கிடைக்காது. யாராவது மறுபடி சரிபார்த்துச் சேர்க்கும்வரை அந்த இடத்தில் இங்கிலீஷ்தான்.

ஆண்ட்ராய்டு போனில் முறை கொஞ்சம் வேறு. அங்கே ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லித்தான் தேடும். தமிழ் வரிகள் 'டிஏ' என்று குறி போட்ட தனி ஃபோல்டரில் இருக்கும். அதில் இல்லாவிட்டால் பொது ஃபோல்டரில் இருப்பதைக் காட்டும். அது பெரும்பாலும் இங்கிலீஷ். ஆக, தமிழுக்கு நடுவில் இங்கிலீஷ் வரி வந்தால், அது யாரும் இன்னும் நிரப்பாத ஒரு காலி இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிரப்புவதும் சுலபம் இல்லை. பணம் யாருக்குப் போகிறதோ அந்தப் பெயர் கடைசி நேரத்தில்தான் வந்து சேரும். பெயரோடு 'க்கு' என்று ஒட்டி வைத்தால் 'கமலாக்கு', 'முருகன்க்கு' என்று வரும். 'கமலாவுக்கு', 'முருகனுக்கு' என்பதுதானே சரி! அதனால் "பெறுபவர்: முருகன்" என்று வாக்கியத்தையே மாற்றி எழுதினால் தப்பிக்கலாம். தமிழ் இலக்கணம் படித்தால் கம்ப்யூட்டர் வேலைக்கும் உதவும் என்பது எனக்கு இப்போதுதான் புரிந்தது. (தமிழம்மா கவனிக்கவும்!)

கேடிஈ, குனோம், லிப்ரே ஆபீஸ் போன்ற இலவச மென்பொருள்களைத் தமிழில் மொழிபெயர்ப்பதில் தன்னார்வலர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நாமும் பெரியவர்களானதும் செய்யலாம். அதுவரைக்கும் இந்த மூன்று சொற்களையாவது வீட்டில் சொல்லிக் கொடுங்கள்:

சக்சஸ் – பணம் போய்விட்டது.
ஃபெயில்டு – பணம் போகவில்லை.
பெண்டிங் – இன்னும் முடியவில்லை, காத்திருக்கவும்.

'பெண்டிங்' என்றால் 'நிலுவையில் உள்ளது' என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்டின்னா இன்னாடி?" என்று கேட்டார்கள். "பணம் இன்னும் போய்ச் சேரலம்மா, கொஞ்சம் இரு, திரும்ப அனுப்பாதே" என்றேன். "இத அன்னிக்கே போட்டிருந்தா நான் ஏண்டி மறுபடி அனுப்பப் போறேன்" என்றார்கள்.

அந்தக் காலி இடத்தை நிரப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தால், அம்மாவுக்குச் சொன்ன இந்த வரியைத்தான் எழுதுவேன்.



– 9-ஆம் வகுப்பு மாணவி