வயல் நத்தைக்குக் கிடைத்த வரவேற்பு!
நியூயார்க்கில் கொடி கட்டிப் பறக்கும் நத்தம் சமையல் கலைஞர்

அமெரிக்காவில் சிகாகோ நகரம். 2025-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி, நாட்டின் பேர்பெற்ற சமையல் கலைஞர்கள் எல்லாம் ஒரு மண்டபத்தில் கூடியிருந்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையல் கலைஞர் யார் என்று அறிவிக்கப்பட்டது. பரிசு வாங்க மேடை ஏறியவர் வேட்டி கட்டியிருந்தார்!

அவர் பெயர் விஜய் குமார். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பகுதியைச் சேர்ந்தவர்.

அவர் பெற்றது "ஜேம்ஸ் பியர்டு" விருது. ஜேம்ஸ் பியர்டு என்பவர் அமெரிக்காவில் புகழ் பெற்ற சமையல் நிபுணர். அவர் பெயரால் 1991-ம் ஆண்டு முதல் இந்த விருதை வழங்கி வருகிறார்கள். சமையல் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த நாட்டில் இது மிகப் பெரிய கவுரவம்.

ஏழை சாப்பாடு, பணக்காரர் சாப்பாடு என்று எதுவும் கிடையாது. எல்லாம் சாப்பாடுதான் என்று விஜய் குமார் அந்த மேடையில் சொன்னார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார்? அதற்கு நத்தையின் கதையைச் சொல்ல வேண்டும்.

சேற்றில் கிடைத்த கறி

விஜய் குமாரின் குடும்பம் கிராமத்துக் குடும்பம். சிறு வயதில் பாட்டி வீட்டுக்குப் போவார். பெரியவர்களோடு வயலில் இறங்கி நத்தை பொறுக்குவார்.

நத்தைக் கறி செய்வது லேசான வேலை அல்ல. பொறுக்கிய நத்தைகளைத் தண்ணீரில் போட்டு வைக்கவேண்டும். அப்போதுதான் மண்ணைக் கக்கும். பிறகு வேக வைத்து, ஓட்டில் இருக்கும் சதையை ஊசியாலோ முள்ளாலோ ஒவ்வொன்றாக இழுத்து எடுக்கவேண்டும். உப்பும் மஞ்சளும் போட்டு, வழவழப்புப் போகும்வரை பல தண்ணீரில் அலசவேண்டும். அதற்கு மேல்தான் வெங்காயமும் மசாலாவும் சேர்த்துச் சட்டியில் பிரட்டுவது.

கறி வாங்கக் காசு இல்லாத வீட்டுக்கு வயல் கொடுத்த கறி இது. ஆனால் "நத்தை தின்கிறவர்கள்" என்று ஊரில் இளக்காரமாகப் பேசுவதும் உண்டு. நத்தை சாப்பிடுவதை மற்றப் பையன்களிடம் சொல்ல விஜய் குமாருக்கும் கூச்சமாகவே இருந்தது.

கூச்சம் போனது

என்ஜினீயர் ஆகவேண்டும் என்பது அவர் ஆசை. படிக்கவைக்க வீட்டில் வசதி இல்லை. அதனால் திருச்சியில் உள்ள கேட்டரிங் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கேதான் அவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. பிரெஞ்சுச் சமையல் பாடத்தில் "எஸ்கார்கோ" என்று ஒன்று வந்தது. உயர்ந்த விருந்துகளில் பரிமாறப்படும் பதார்த்தம் அது. என்னவென்று பார்த்தால், நத்தை! வெண்ணெயும் பூண்டும் போட்டுச் செய்த நத்தை! அதைச் சாப்பிடத் தனித் தட்டு, தனி இடுக்கி, தனி முள்கரண்டி.

பிரான்சு நாட்டில் சாப்பிட்டால் நாகரிகம், நத்தத்தில் சாப்பிட்டால் கேவலமா? நத்தையில் ஒரு குறையும் இல்லை, பார்க்கிற பார்வையில்தான் குறை என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

கல்லூரியை முடித்தபின், சென்னையில் தாஜ் கன்னிமரா ஓட்டலில் வேலை பார்த்தார். பிறகு உல்லாசக் கப்பல் சமையலறை. அதன்பின் அமெரிக்கா. கலிபோர்னியா மாநிலத்தில் "தோசா", "ராசா" என்ற தென்னிந்திய ஓட்டல்களில் பணியாற்றினார். அவர் சமையலறைக்குத் தலைமை தாங்கியபோது "ராசா"வுக்கு "மிச்செலின்" நட்சத்திரம் கிடைத்தது.

டயர் கம்பெனியின் நட்சத்திரம்

மிச்செலின் என்பது பிரான்சு நாட்டின் டயர் கம்பெனி. டயர் கம்பெனிக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஊர் ஊராகக் கார் ஓடினால்தானே டயர் தேயும்? அதனால், பயணம் போகிறவர்களுக்கு வழிகாட்டியாக 1900-ம் ஆண்டில் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். 1926-ல் நல்ல ஓட்டல்களுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள்.

யார் என்று சொல்லாமல் கம்பெனியின் ஆட்கள் வந்து சாப்பிடுவார்கள். சாப்பிட்டதற்குப் பணமும் கொடுத்துவிடுவார்கள். பிறகு தீர்ப்பு வரும். ஒரு நட்சத்திரம் கிடைத்தாலே பெரிய பேர். மூன்று கிடைத்தால், அந்த ஓட்டலுக்காகவே பயணம் போகலாம் என்று அர்த்தம்.

இந்திய சமையல் கலைஞர்கள் இந்த நட்சத்திரத்தை முதன்முதலில் பெற்றது 2001-ல். லண்டனில் வினீத் பாட்டியா, அதுல் கோச்சர் ஆகிய இருவரும் ஒரே ஆண்டில் பெற்றார்கள்.

நானும் இல்லை, பட்டர் சிக்கனும் இல்லை

வெளிநாட்டில் இந்தியச் சாப்பாடு என்றால் "நான்" ரொட்டி, பட்டர் சிக்கன், டிக்கா மசாலா என்றே வெகுகாலம் இருந்தது. எந்த ஓட்டலுக்குப் போனாலும் அதே பட்டியல்தான். தென்னாட்டுக் கிராமத்துச் சமையலுக்குப் பெரிய ஓட்டல்களில் இடம் கிடைப்பது அபூர்வம்.

நியூயார்க்கில் ஓட்டல் நடத்தும் ரோனி மசும்தார், சிந்தன் பாண்டியா ஆகிய இருவரும் விஜய் குமாரோடு சேர்ந்தார்கள். 2021 அக்டோபரில் "செம்மா" பிறந்தது. பிரமாதம் என்பதற்கு நம் பிள்ளைகள் "செம்ம" என்கிறார்களே, அந்தச் சொல்தான் ஓட்டலின் பெயர்!

அங்கே நான் கிடையாது. பட்டர் சிக்கன் கிடையாது. திண்டுக்கல் ஆட்டுக்கறி பிரியாணி உண்டு. குடல் வறுவல் பரிமாறினார்கள். நாம் இட்லிப்பொடி என்பதை அங்கே "கன்பவுடர்", அதாவது வெடிமருந்து, என்கிறார்கள். அதைத் தடவிய தோசைக்கு ஏகக் கிராக்கி. இவற்றோடு இஞ்சியும் புளியும் சேர்த்த நத்தைப் பிரட்டலும் உண்டு. தொட்டுக்கொள்ளக் கல் தோசை!

வெள்ளைக்காரர்களுக்காகக் காரத்தைக் குறைப்பதில்லை, வீட்டில் செய்ததுபோலவே செய்வது என்று விஜய் குமார் தீர்மானித்தார். கொஞ்சம் துணிச்சலான காரியம்தான். ஓட்டல் படுத்திருந்தால், "நத்தையை யார் சாப்பிடுவார்கள்?" என்று எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

ஆனால் ஓட்டல் படுக்கவில்லை. மறு ஆண்டே, 2022-ல், மிச்செலின் நட்சத்திரம் வந்தது. 2025-ல் "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகை அந்த நகரத்தின் சிறந்த 100 ஓட்டல்களின் பட்டியலை வெளியிட்டது. முதல் இடம் செம்மாவுக்கு!

வீட்டுக்கு வீடு ஒரு பள்ளிக்கூடம்

விஜய் குமார் திருச்சியில் தொழில் படித்தார். சென்னையிலும் கப்பலிலும் பழகினார். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த சமையல், பாட்டியும் தாயாரும் செய்த சமையல். அதற்குப் புத்தகம் கிடையாது. எடைக்கல் கிடையாது. கண் திட்டமும் கைப்பக்குவமும்தான்.

அப்படிப்பட்ட கை நம் வீடுகளிலும் இருக்கிறது. கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு, கீரைக் கடைசல் இவற்றையெல்லாம் "பழைய காலத்துச் சாப்பாடு" என்று தள்ளிவிடுகிறோம். பள்ளிக்கூடத்தில் டிபன் பாத்திரத்தைத் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைகளும் உண்டு.

அந்தப் பிள்ளைகளுக்கு இந்த நத்தையின் கதையைச் சொல்லுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால், அடுப்படியில் அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். எவ்வளவு புளி, எப்போது உப்பு என்று கேட்கட்டும். எழுதத் தெரிந்த பிள்ளை எழுதியும் வைக்கட்டும். கேட்காமல் விட்ட பக்குவம், அந்தக் கையோடு போய்விடும்.